கழுவி விட ஓர் ஆள்

சாமார் தீவின் அந்தப் பால்வாடியில் பெரியவர்கள் உட்கார நாற்காலி கிடையாது. ஊர்த்தலைவர் அபுகாய் முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்ட, பிள்ளைகளின் மஞ்சள் நாற்காலியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தகரக் கூரையில் மழை படபடக்கிறது. இஞ்சிக் கஞ்சியும் ஈரச் செருப்புகளும் ஒன்றாக மணக்கின்றன. நிரந்தர வேலை கேட்டு ஊர்சபையில் சண்டை போட்டுவிட்டு வந்த நெரிசா டீச்சர், எதிரே பாயில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்தபடி அவர் பதிலைக் கேட்கிறாள்.

“வேலைன்னெல்லாம் போட முடியாது டீச்சர். எப்பவும் போல தன்னார்வலர்னே இருக்கட்டும். புள்ளைங்களோட விளையாடுறதுதானே? யாரு வேணா செய்யலாம்.”

“யாரு வேணாவா தலைவரே?”

“பின்ன?”

அப்போது கழிப்பறைக்குள்ளிருந்து கணீரென்று ஒரு குரல் வருகிறது. “டீச்சர், முடிச்சிட்டேன்!”

“டீச்சர், பொன்ஸோ முடிச்சிட்டான்!” என்று மற்ற பிள்ளைகளும் சேர்ந்து கத்துகிறார்கள். பழக்கத்தில் நெரிசாவின் கால்கள் எழப் பார்க்கின்றன. அவள் எழவில்லை. பக்கத்து வாளியில் கிடந்த பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் மொண்டு, தளும்பத் தளும்ப அவர் கையில் கொடுக்கிறாள்.

“என்ன டீச்சர் இது?”

“ஓட்டுக் கேக்க வந்தப்ப அவனைத் தூக்கிக் கொஞ்சினீங்கல்ல? போங்க. இன்னிக்கு நீங்க தன்னார்வலர்.”

குவளைத் தண்ணீர் அவர் சலவைச் சட்டையில் சிந்துகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து அவரையே பார்க்கிறார்கள்.

“டீச்சர்!” என்று மறுபடியும் குரல் வருகிறது.

“இருடா செல்லம்,” என்கிறாள் நெரிசா, அவர் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல். “தலைவர் வர்றாரு!”