பாசம் போதவில்லை

கணவன் தூக்கிக்கொண்டு போன மூன்று வயது மகளைத் திருப்பித் தரச் சொல்லி, வக்கீல் இல்லாமல் தானே மனுப் போட்டாள் ஜெசிந்தா. குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பு இயந்திரம் இருவர் போன்களையும் மேய்ந்துவிட்டுச் சொன்னது:

“அப்பா எடுத்த படங்கள் நாலாயிரம். அம்மா எடுத்தவை பதினொன்று. தாய்ப்பாசம் போதவில்லை.”

“அவர் படம் எடுத்தப்ப எல்லாம் பிள்ளையை இடுப்புல வெச்சிருந்தது யாரு?”

“கேள்வி கேட்கும் உரிமை வக்கீலுக்கு மட்டுமே. சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்து, பாசத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.”

சனிக்கிழமை மகள் ஓடிவந்தாள்.

“முதல்ல படம் எடுங்கம்மா, அப்பதான் பாசம் ஏறும்” என்றார் நீதிமன்ற ஊழியர்.

ஜெசிந்தா போனை அவரிடமே நீட்டினாள். “உங்க மெஷினைச் சிரிக்கச் சொல்லி எடுத்துக்குங்க.”

மகளைத் தூக்கிக்கொண்டாள். அந்த ஒரு மணி நேரமும் இறக்கிவிடவே இல்லை.