முப்பது பங்கு

ரொகாயா அப்பீல் போட்டாள். மூவார் ஊரே சிரித்தது.

ஒரு காலைப் பறிகொடுத்தவள்தான். ஆனால் கேஸ் ஜெயித்தாகிவிட்டது, நஷ்டஈடும் தீர்ப்பாகிவிட்டது. அப்புறமும் மேல்கோர்ட்டுக்குப் போகிறாள் என்றால் வேறென்ன செய்வார்கள்?

கார் ஓட்டி வந்து மோதியவர் மேல் நூற்றுக்கு எழுபது பங்கு தப்பு. மோட்டார் சைக்கிளில் அவளைப் பின்னால் ஏற்றிப் போன புருஷன் மஸ்லான் மேல் முப்பது பங்கு தப்பு. அவரவர் பங்குப் பணத்தை அவரவர் தர வேண்டும். இதுதான் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு.

வழக்கென்றால் ஓட்டின இரண்டு பேர் பெயரையும் போடத்தான் வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அது ஊருக்கு எங்கே தெரியும்?

மஸ்லான் காப்பிக்கடையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். புருஷன் பையில் காசை எடுத்து, மீன் வாங்கி, புருஷனுக்கே குழம்பு வைப்பாளோ என்பான் ஒருவன். மஸ்லானும் கூடச் சிரித்து வைப்பான். பாதிக் காப்பியோடு எழுந்துவிடுவான்.

அவனுடைய அக்கா சல்பியா நேராகவே கேட்டாள்.

"கூண்டுல ஏறி, பேச்சு சுவாரசியத்துல தலையைத் திருப்பினேன்னு எவன்டா தானாச் சொல்லுவான்?"

"திருப்பினேன். சொன்னேன்."

"நல்லாச் சொன்ன, போ. எழுபது பத்தலையாம் உன் பொண்டாட்டிக்கு. உன்னைப் பிழியாம விடமாட்டா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டினான்.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து வீட்டிலும் அப்படித்தான். காலையில் செயற்கைக் காலின் வாரைப் பூட்டிவிடுவான். அவள் முகத்தைப் பார்க்கமாட்டான். கூடத்தில் பாய் போட்டுத் தனியாகப் படுத்துக்கொள்வான்.

அப்பீல் போட்ட அன்று அவள் புருஷனைக் கூப்பிட்டாள்.

"அபாங், அப்பீல் விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"வேணாம். போனது உன் காலு. நீ எவ்வளவு கேட்டாலும் நியாயந்தான்."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விசாரணை நாள் வந்தது. வராந்தா பெஞ்சில் ரொகாயா. நாலு ஆள் தள்ளி மஸ்லான். காரின் இன்சூரன்ஸ் வக்கீலும் ரொகாயாவின் வக்கீல் நோர்லிசாவும் ஒரு தூண் ஓரமாய் நின்று வெகுநேரம் பேசினார்கள். பிறகு நோர்லிசா மஸ்லானிடம் வந்தாள். சமாதானம் ஆகிவிட்டது, அவனும் சரியென்றால் நீதிபதி இன்றைக்கே முடித்துவிடுவார் என்றாள். தொகையையும் சொன்னாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரோட்டி தர வேண்டியிருந்த எழுபது பங்கைவிடவும் குறைச்சல்.

"என்ன வக்கீல் புவான் இது? அப்பீல் போட்டுக் குறைச்சு வாங்கிட்டு வர்றீங்க? ஒரு கால் போயிருக்கு அவளுக்கு. என் பங்கை நான் கூலி வேலை செஞ்சாவது குடுத்துடறேன். இதுக்குச் சம்மதிக்க மாட்டேன்."

"குறைக்கச் சொன்னது இன்சூரன்ஸ்காரங்க இல்ல, மஸ்லான்."

"பின்ன யாரு?"

நோர்லிசா பெஞ்சைப் பார்த்தாள். மஸ்லான் எழுந்து போய் மனைவியின் எதிரே நின்றான்.

"உனக்கென்ன பைத்தியமா?"

ரொகாயா நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

"உக்காருங்க. இன்சூரன்ஸ்காரங்க பணத்தை எவ்வளவு வேணா குறைச்சுக்கட்டும், ஆனா முழுத் தப்பும் கார்மேலதான்னு எழுதணும், எம் புருஷன் மேல ஒரு பங்குகூட இருக்கக் கூடாதுன்னேன். அப்பீல் போட்டதே அதுக்குத்தான், அபாங்."