இடது ஓரம்

பெட்டியின் மேல் பச்சை விளக்குதான் எரிந்தது.

மேசையில் விரித்திருந்த பட்டுச்சேலையில், இடது ஓரமாக, ஊடை இழை விட்டுப்போய் ஒரு கோடு தெரிந்தது. வாசலில் நிற்கிறவனுக்கும் தெரியும்.

“இன்னா மாணிக்கம், இழை பல்ல இளிச்சிகினு கெடக்குது, உன் பெட்டி பச்சைக்கொடி காட்டுது?” என்றார் லோகநாதன். ஆரணியில் பாதி விசைத்தறி அவருடையது, மீதிப் பாதியில் அவர் சொன்னால் கேட்பார்கள்.

மாணிக்கவேல் சிரித்து வைத்தான்.

சென்னையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து செய்த பெட்டி அது. இன்றைக்கு இது தேறினால் லோகநாதனின் எல்லாத் தறியிலும் ஏறும். தேறாவிட்டால் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். விட்ட வேலையை மறுபடி யார் கொடுப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பெட்டிக்குள் ஒரு கேமரா. அதற்குப் பின்னால், துணியில் குறை கண்டுபிடிக்கப் பழக்கிய ஒரு நியூரல் நெட்வொர்க். ஊரில் கம்ப்யூட்டரே நாலைந்துதான் இருந்த காலம். மூளை மாதிரி தானே கற்றுக்கொள்ளும் கணக்கு என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கம்ப்யூட்டரில் அதை ஓட்டுவது பெரிய காரியமில்லை. தறிக்கொரு கம்ப்யூட்டர் எவன் வாங்கி வைப்பான்? அதனால் விரல்நகம் அளவு சிப் ஒன்றில் அதை அடக்கியிருந்தான்.

சிப்பில் மெமரி கொஞ்சம்தான். நெட்வொர்க் கற்று வைத்திருந்த எண்களைச் சுருக்கினான். பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தவற்றைத் தூக்கிப் போட்டான். அப்படியும் இடம் போதவில்லை. கடைசியில், கணக்கின் ஒரு அடுக்கு எழுதிவைத்த விடையின் மேலேயே அடுத்த அடுக்கு தன் விடையை எழுதும்படி செய்தான். படித்தது அழியும், அழிந்த இடத்தில் புதியது ஏறும். கடலை வறுத்த சட்டியிலேயே குழம்பு வைப்பது போலத்தான்.

ஆனால் கடலையை எடுப்பதற்கு முன்னால் குழம்பை ஊற்றிவிட்டால் போச்சு. படிக்காத எண் ஒன்று அழிந்தாலும் விடை கெட்டுவிடும்.

அடுத்த சேலையை விரித்தார்கள். வலது பக்கம் குறை, சிவப்பு விளக்கு. நடுவில் குறை, சிவப்பு. இடது ஓரத்துக் குறைக்கு மட்டும் பச்சை.

இடது ஓரம். படத்தை அந்தப் பக்கத்திலிருந்துதான் சிப் படிக்க ஆரம்பிக்கும். அங்கேதான் எதையோ முன்கூட்டியே அழித்துத் தொலைத்திருக்கிறோம் என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

லோகநாதன் டீ சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். டீ தீரும் வரைக்கும்தான் அவகாசம் என்று அதற்கு அர்த்தம்.

மாணிக்கவேல் மூலையில் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்தான். சுருக்காத, எதையும் தூக்கிப் போடாத முழு நெட்வொர்க் அதில் இருந்தது. மெமரி தாராளம், எதன் மேலும் எதுவும் எழுதாது. அதே சேலைகளின் படத்தை அதற்குக் கொடுத்தான்.

இடது ஓரம், குறை இல்லை.

நம்பாமல் மறுபடி ஓட்டினான். வலதில் கண்டுபிடித்தது, நடுவில் கண்டுபிடித்தது, இடதைக் கோட்டைவிட்டது. சிப் சொன்னதையே அச்சுப் பிசகாமல் கம்ப்யூட்டரும் சொன்னது.

அப்படியானால் அவன் சிக்கனத்தில் தப்பே இல்லை. ஒரு நிமிஷம் எழுந்து குதிக்கலாம் போல இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. தப்பு சுருக்கியதில் இல்லை என்றால், கற்றுக்கொடுத்ததில் இருக்க வேண்டும்.

கற்றுக்கொடுத்தது பரிமளா, அவன் மனைவி. லோகநாதன் கடைக்குச் சேலை பார்த்துக் கொடுப்பவள். அவள் தள்ளிவைத்த துணியை ஆரணியில் ஒருத்தரும் சரி என்று வாதாடியதில்லை, அவள் சரி என்றதைப் பிரித்துப் பார்த்ததுமில்லை. கோடை முழுக்க மானிட்டரில் துணிப் படங்களை ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டினான். நல்லது என்பாள், தப்பு என்பாள், அவன் அப்படியே ஏற்றுவான். அவள் சொன்னதைச் சரிபார்க்கும் எண்ணமே அவனுக்கு வரவில்லை.

அந்தப் படங்களை இப்போது திறந்தான். அவள் நல்லது என்று சொன்ன ஒன்றில் இடது ஓரத்தில் இழை விட்டிருந்தது. இன்னொன்றிலும். அதற்கடுத்ததிலும்.

வலது பக்கத்துக் குறை ஒன்றைக்கூட அவள் தவறவிட்டிருக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். சுவரோரம் பாயில் உட்கார்ந்து பரிமளா ஒரு சேலையை மடியில் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறாள் என்றுதான் ஊரே சொல்லும், அவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். முதலில் விரல்கள் ஓடின. இடது கை விரல் ஓரிடத்தில் நின்றது. அதற்குப் பிறகே முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

மானிட்டரில் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது?

போன மாதம் சைக்கிள்காரன் ஒருவன் தோளில் இடித்துவிட்டான் என்று வந்து நின்றாள். எந்தத் தோள் என்று யோசித்தவன், அதற்கு மேல் யோசிக்க மனம் வராமல் எழுந்தான்.

பக்கத்துக் கூடத்தில் தறிகள் ஓடும் சத்தத்தில் அவன் நடந்து வந்தது கேட்டிருக்காது. அவளருகே போய் நின்றான். கையை ஆட்டினான். அவள் விரல்கள் தம் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தன.

லோகநாதன் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பரிமளா தலையைத் தூக்கி, மூலையில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள்.

“ஏண்ணா, இவரு எங்க போயிட்டாரு? இப்பதான அங்க உக்காந்துகினு இருந்தாரு?”

மாணிக்கவேல் அவளுடைய இடது தோளருகே, கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.