ஆறடிச் சுவர்

சோணை சாக்கட்டியால் தரையில் இரண்டு கோடுகள் இழுத்துவிட்டு, நடுவில் போய் நின்றுகொண்டான்.

சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் அகலம் பதினாறு அடி. திருமங்கலத்தில் மண்டி வைத்திருக்கும் என் மகன் தவசி, புளியும் வத்தலும் கறுக்காமல் இருக்க அதைக் குளிர் அறையாக மாற்றுகிறான். குளிர் அறை கட்டிப் பழகிய கொத்தன் சோணை. அவன் கையில் இருந்த காகிதத்தின்படி இரண்டு பக்கச் சுவரிலும் ஆறடி கனத்துக்குத் தெர்மோகோல் பதித்தால், நடுவில் மிஞ்சுவது நாலடி.

"ஓவர்சியரய்யா, இதுக்குள்ள புளிய அடுக்கவா, இல்ல நாயக்கர் மகால் தூணு ரெண்டக் கொண்டாந்து நிப்பாட்டவா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டான். சித்தாட்கள் நாலு பேரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. என் முகத்துக்கு நேராக இந்த ஊரில் யாரும் சிரித்ததில்லை.

என் மருமகள் அன்னக்கொடி வாசல் பக்கம் வயர் கூடையோடு நின்றாள். பி.எஸ்சி. பௌதிகம் படித்தவள். மெட்ராசிலிருந்து என்ஜினீயர் வரட்டும் என்று தவசி சொன்னபோது, வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று மண்டிக்காரர்கள் முன்னால் வைத்துச் சொன்னவன் நான். இந்த அறை சரியாக அமைந்தால் தங்கள் அறைகளுக்கும் அவளையே கணக்குப் போடச் சொல்வதாக இரண்டு மண்டிக்காரர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு வாரமாக அவள் நடையிலேயே ஒரு மிடுக்கு வந்திருந்தது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன அளவுகளால் வந்தது.

ஒரு பொருள் வழியாகச் சூடு எவ்வளவு கசியும் என்று சொல்ல, உலகத்துக்கு ஓர் அளவு போதாதா? தெர்மோகோல் கம்பெனித் தாளில் மீட்டரும் சென்டிகிரேடும். குளிர் மிஷினோடு வந்த சீமைப் புத்தகத்தில் அடியும் பாரன்ஹீட்டும். அவளுடைய கல்லூரிப் புத்தகத்தில் வாட். மூன்று நாள் மூன்றையும் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கம்பெனித் தாளில் இருந்த எண் 0.03. அதைச் சீமைப் புத்தகத்தின் அளவுக்கு மாற்ற எட்டால் பெருக்க வேண்டும். 0.24. சுவர் வழியாக விடலாம் என்று மிஷின் புத்தகம் சொல்லும் கசிவு 0.04. வகுத்தால் ஆறு.

ஆறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆறு என்ன என்பதில்தான் வந்தது வினை.

பரப்பைச் சதுர அடியில் சொல்லும் அந்தப் புத்தகம், கனத்தை மட்டும் அங்குலத்தில் சொல்கிறது. அத்தனை அடிகளுக்கு நடுவே ஓர் அங்குலத்துக்கு என்ன வேலை? முப்பத்திரண்டு வருடம் ரோடு அளந்த எனக்கே தலை சுற்றுகிறது. சின்னப் பெண் தடுமாறினால் அது ஒரு குற்றமா? சோணையிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அவன் தலையை ஆட்டினான். ஆரப்பாளையத்தில் தான் கட்டிய ஐஸ் ரூமுக்கே ஆறு அங்குலம்தான் என்றான். பிறகு அன்னக்கொடி பக்கம் திரும்பி, முதலில் போட்டுப் பார்த்த தாள் இருக்கிறதா, எந்த இடத்தில் சறுக்கியது என்று பார்த்துவிடலாம் என்றான்.

எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் காகிதம் எதுவும் என் பார்வைக்கு வராமல் போகாது. அடித்தல் திருத்தலோடும் போகாது. அவன் கையில் இருந்தது அன்னக்கொடி சுத்தமாகப் பெயர்த்து எழுதிய பிரதி. கனம் ஆறு அடி என்று அவளுடைய முத்து முத்தான எழுத்தில் இருந்தது.

அவள் கூடைக்குள் கையை விட்டாள்.

தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது. அதன் பின்பக்கத்தில், ஒரே ஓர் இடத்தில், சிவப்பு மை ஊறி இறங்கியிருந்தது.

அவள் விரல்கள் அந்தத் தாளின் மேல் சற்று நேரம் இருந்தன. என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

வெறுங்கையை வெளியே எடுத்தாள்.

"கொண்டு வரலண்ணே. அங்குலம்னு எழுத வேண்டியத நாந்தான் அடின்னு எழுதிப்புட்டேன்."

சோணையின் குரல் இறங்கிவிட்டது. படிக்கிற பிள்ளைக்கு இது சகஜம்தான் என்றான். தான் அடுத்து அறை கட்டப்போகும் அந்த இரண்டு மண்டிக்காரர்களிடமும் மெட்ராஸ் ஆளையே பார்க்கச் சொல்லிவிடுவதாகவும், அவர்கள் பணத்தில் பரீட்சை பார்க்க முடியாது என்றும் சொன்னான். அவள் சரி என்று தலையசைத்தாள். புடவைத் தலைப்பால் கூடையை மூடினாள்.

நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அது. தொண்டையைச் செருமினேன். சித்தாட்கள் நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெயில் ஏறுகிறது, வேலையைப் பாருங்கள் என்றேன்.

சோணை காகிதத்தைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினான்.

"பேனா குடுங்கய்யா. அடிய அடிச்சிட்டு அங்குலமாக்கிருவோம்."

என் சட்டைப் பையில் ஒரு பேனா எப்போதும் இருக்கும். அளவுப் புத்தகங்களைத் திருத்திய நாளிலிருந்து அதற்கு நான் சிவப்பு மை தவிர வேறு ஊற்றியதில்லை.

மேல்துண்டை இழுத்துப் பையை மூடிக்கொண்டு, இல்லை என்றேன்.