ஈரச் சிமெண்ட்

"அந்த விருதுல என் பேரைப் போடுங்க சார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

கேட்டேவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்பா எச்சரித்திருந்தார். "சம்பளம் கேளு, லீவு கேளு. பேரு மட்டும் கேட்டுடாதம்மா." அப்பா கொத்தனார். நாற்பது வீடு கட்டியவர்.

காலையில் அவள் அனுப்பிய ராஜினாமா கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். எதிரில் திறந்திருந்த மடிக்கணினியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகத்தில் கனிவை வரவழைத்துக்கொண்டார்.

"உன் மனசு புரியுதும்மா. இங்க நாம எல்லாரும் ஒரே குடும்பம்."

"நல்ல குடும்பம்! எட்டு மாசம் உக்காந்து அந்த புரோகிராமை எழுதினது நான். மேடை ஏறி மாலை வாங்கினது நீங்க. நான் எழுதுறப்போ நீங்க என் பக்கம் வந்ததே ஒரு தடவைதான். அதுவும் சார்ஜர் கேட்டு."

மறுபடியும் திரையைப் பார்த்தார். "இங்க இருக்குற வசதியை யோசிச்சுப் பாரு. சாப்பாடு, காபி, ஜிம்..."

"ஜிம்முக்குப் போக நேரம் ஏது சார்? ஒரு பட்டன் பச்சையா நீலமான்னு ஆறு மீட்டிங். ஏழாவது மீட்டிங்ல பட்டனே வேணாம்னுட்டாங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரையைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"வீட்ல எல்லாருக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு. உங்கம்மா கண் ஆபரேஷன் அதுலதானே நடந்தது?"

இது தைத்தது. குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. கம்பெனி பெயரைச் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். அதே பெயரைக் கேட்டபிறகுதான் வாடகைக்கு வீடும் கிடைத்தது.

"ஆமா சார். அதுக்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப அம்மாவுக்கு நல்லாக் கண்ணு தெரியுது. விருது போட்டோல நான் இல்லைங்கிறதும் தெரிஞ்சுபோச்சு."

மேலாளர் திரையில் எதையோ தேடிப் படித்தார். தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அடுத்து, ஒரு வாரம் லீவு எடுத்துட்டு யோசிம்பீங்க" என்றாள்.

"ஒரு வாரம் லீ..." வாய் பாதியில் நின்றது. "உனக்கெப்படித் தெரியும்?"

அவள் டம்ளரைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினாள்.

"எங்கப்பா கட்டின வீடு எதுலயும் அவர் பேர் கிடையாது சார். வாசல் கல்லுல ஓனர் பேருதான். ஆனா தண்ணித் தொட்டிக்கு அடியில, சிமெண்ட் காயறதுக்குள்ள ஆணியால தன் பேரைக் கிறுக்கிட்டு வந்துடுவாரு. எனக்குத் தெரிஞ்சா போதும்பாரு. எனக்கு அது போதல. பேரைப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

"நமக்குள்ள பேரு எதுக்கும்மா? நாம ஒரு டீம்..."

"சரிதான்."

அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு எழுந்தாள். மேலாளர் பதறிப்போய் மடிக்கணினியைத் தட்டினார்.

வேலையை விட்டுப் போகிறவர்களை எப்படிப் பேசி மடக்குவது என்று மேலாளர்களுக்கு வரி வரியாக எடுத்துக்கொடுக்கிற புரோகிராம் அது. அவருக்கு விருது வாங்கிக் கொடுத்ததும் அதுதான். இருந்த வசனமெல்லாம் தீர்ந்துபோய், அவள் கதவைத் தாண்டும்போது அது கடைசியாக ஒன்றைக் காட்டியது:

"இதுக்கு மேல எங்கிட்டயும் ஒண்ணும் இல்ல சார். போக விடுங்க. இப்படிக்கு, கொத்தனார் மகள்."