பிழைப்போர் பட்டியல்

"என்னை எதுக்கு சார் முதல் ஆளாப் போட்டுத் தள்ளினீங்க?"

அருங்காட்சியகத்தின் நிலவறை வாசலில் எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

உள்ளே, சுண்டுவிரல் நீளமே இருந்த ஒரு தொடை எலும்பைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்த புதைபடிவக் காப்பாளர் எலும்பு சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பட்டியலை ஒட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் இத்தனை ஆர்வமா!

சனிக்கிழமை ஊர்வன அரங்கின் திறப்பு விழா. அதற்காக அவர் 'பேரழிவு' என்று ஒரு நாடகம் எழுதியிருந்தார். இயக்குநரிடம் கேட்டபோது, அவர் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே "ஆகட்டும், ஆகட்டும்" என்றார். அது போதாதா? நடிக்க வேண்டிய பத்து ஊழியர்களின் பெயரையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். தலைப்பு, பேரழிவு. மாய்வோர் ஒன்பது பேர். பிழைப்பவர் ஒருவர். அந்த ஒருவர் வேறு யார், அவரேதான். இருபத்தாறு வருஷம் நிலவறையில் கிடந்த மனிதருக்கு ஒரு நாளாவது நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்க ஆசை இருக்காதா?

"உங்களை மட்டுமா தள்ளினேன்? பத்துல ஒன்பது போயே ஆகணும். அந்தக் கணக்குல கை வைக்க நான் யாரு?"

"மேலிடத்துக் கணக்கா சார்?"

"எல்லா மேலிடத்துக்கும் மேல. இருபத்தஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாலயே முடிவான கணக்கு. பயப்படாதீங்க, சட்டுனு முடிஞ்சிடும். ரெண்டு நிமிஷம்கூட ஆகாது."

"பொண்ணு காலேஜ் முதல் வருஷம் சார். எந்த முகத்தோட வீட்டுக்குப் போய் இதைச் சொல்லுவேன்?"

எலும்பு சாருக்கு மனசு கேட்கவில்லை. முதலில் சாவதை மகளிடம் சொல்லக்கூட வெட்கப்படுகிறான், இவனல்லவா கலைஞன்! "சரி சரி, கண்ணைத் துடைங்க. உங்களைப் பிழைக்க வெச்சிடறேன்" என்றார். எலக்ட்ரீஷியன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்.

அடுத்து டிக்கெட் அக்கா படியிறங்கி வந்தார். அவர் அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஒன்பது பேரையும் அனுப்பிட்டு நீங்க மட்டும் இருப்பீங்களா? வேலியே பயிரை மேஞ்சா நாங்க யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"அக்கா, தப்பிக்கிறது லேசுன்னு நினைச்சீங்களா? அது பல்லி மாதிரி ஒரு சின்ன ஊர்வன. எரிமலையா வெடிச்சு, கடலே வெந்நீராகி, எல்லாம் செத்து விழுந்தப்ப, அது மட்டும் தரையோட தரையாத் தவழ்ந்துக்கிட்டே..."

"தவழணுமா? தவழறேன் சார். எவ்வளவு தூரம்னு மட்டும் சொல்லுங்க."

எலும்பு சார் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அதுமட்டுமில்லக்கா, சூடு தாங்கணும். தாங்கினதாலதான் அதோட வம்சத்துக்கு பூமியே காலியாக் கிடைச்சது. பக்கவாட்டுல பரப்பிக்கிட்டிருந்த காலு உடம்புக்குக் கீழ வந்து, நிமிர்ந்து நின்னு, ராட்சச ஜந்துவாகி, முதலையாகி, பறவையாகி..."

"சூட்டைப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க. கவுன்ட்டர்ல ஃபேன் நின்னு மூணு வருஷமாச்சு. உங்க பல்லி வந்து ஒரு மத்தியானம் உக்காரட்டும் பார்ப்போம்."

நியாயமாகத்தான் பட்டது. அக்காவும் பிழைத்தார்.

அப்புறம் தோட்டக்காரர் வந்தார், காவலாளி வந்தார், பெருக்குகிறவர்கள் ஜோடியாக வந்தார்கள். கேட்காமலே பதினோரு டீ வந்தது. இருபத்தாறு வருஷத்தில் காற்று வாங்கக்கூட யாரும் எட்டிப் பார்க்காத நிலவறை அது. இன்றைக்கு ஆளாளுக்கு வந்து உட்கார்ந்து, அந்தப் பல்லி என்ன தின்றது, எங்கே ஒளிந்தது, எதைச் செய்து தப்பித்தது என்று தோண்டித் துருவிக் கேட்டார்கள். அறிவியலுக்கு இந்த ஊரில் இவ்வளவு மதிப்பா என்று அவர் பூரித்துப்போனார்.

மாலையில் பேனாவை எடுத்தார். இத்தனை ஆசையோடு வந்தவர்களைக் கொல்ல எப்படிக் கை வரும்? ஒன்பது பெயரையும் பிழைப்போர் பக்கத்துக்கு மாற்றினார். ஆனால், ஒருவராவது சாகாவிட்டால் அது என்ன பேரழிவு? கடைசியில், மாய்வோர் என்பதற்கு நேராகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புதிய பட்டியலைப் பலகையில் ஒட்டியதும் எல்லோரும் அவரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் தேம்பியே விட்டார்.

"எங்களுக்காக நீங்க போறீங்களே சார்!" என்றார் டிக்கெட் அக்கா. காலையில் இடுப்பில் இருந்த கை இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அட, விடுங்கக்கா. ரெண்டு நிமிஷ வேலை" என்றார் எலும்பு சார், பெருந்தன்மையாக.

ஒரு மணி நேரம் கழித்து, இயக்குநரே மூச்சு வாங்க நிலவறைக்கு இறங்கி வந்தார். வந்த வேகத்தில் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார்.

"பெரிய மனுஷன்யா நீங்க!"

"இதுல என்ன சார் இருக்கு? நாடகம்னா யாராவது ஒருத்தர் சாகணுமில்ல?" என்று எலும்பு சார் கூச்சத்தோடு நெளிந்தார்.

"எந்த நாடகம்? ஆள் குறைப்புன்னு பச்சையா சொல்ல நாக்கு வராம, 'நமக்கும் ஒரு பேரழிவு வருது, பட்டியல் பலகைக்கு வரும்'னு நீங்க வராத காலைக் கூட்டத்துல பூசி மெழுகிட்டு, யார் பேரை எழுதறதுன்னு நான் நாள் பூரா கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்; தலைமை அலுவலகம் குறைக்கச் சொன்னதே ஒரே ஒரு ஆளைத்தான், நீங்க கையெழுத்துப் போட்டு ஒட்டினதை அப்படியே அனுப்பிட்டேன்."