ஒரு சம்பளம் போதும்

அது 1946. அரியலூர் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்த உண்ணாமலையைப் பெண் பார்க்க, உடையார்பாளையத்திலிருந்து கொளஞ்சியம்மாள் தன் மகன் தர்மராஜுடன் வந்திருந்தாள்.

“ஒரு வூட்டுக்கு ஒரு சம்பளம் போதுங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போனா யாரு சோறாக்குறது?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

உண்ணாமலைக்குக் கண் கலங்கியது. அவள் அப்பா பெருமூச்சு விட்டார். “சரிங்க. நாளைக்கே ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்றேன்.”

“ஐயையோ, வேலையை விட்டுடாதம்மா!” என்று பதறினாள் கொளஞ்சியம்மாள். “சண்டை முடிஞ்சதும் பட்டாளத்துலேருந்து இவனை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. அங்க இருநூறு பேருக்கு ஆக்கிப் போட்டவன். சமையலை இவன் பாத்துக்குவான்.”

உண்ணாமலை முதல்முறையாக நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“ஒம்பது மணிக்கு நான் பள்ளிக்கூடத்துல இருக்கணுங்க. முடியுமா?”

“எட்டுக்கே எலை போட்டுடறேங்க” என்றான் தர்மராஜ்.